ஏவுபவர் யார்?

ஆய்வுக்காக மேகக் கணினியை வாடகைக்கு எடுக்கும் மாணவர்கள் இப்போது பொறியியல் துறையில் மட்டும் இல்லை. மொழியியல், சமூகவியல், பொதுச் சுகாதாரம் என்று, மனிதர்களின் வீட்டு வாசலுக்குப் போய்த் தரவு திரட்டும் துறைகளிலும் அவர்கள் பெருகிவருகிறார்கள். பல மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கவும் பேச்சை அறியும் நிரலைப் பழக்கவும் மடிக்கணினி போதுவதில்லை. எனவே ஏ.டபிள்யூ.எஸ்., அஸூர், கூகுள் கிளவுட் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றில் ஒரு மெய்நிகர்க் கணினியைத் தொடங்குகிறோம். தொடங்கியதும் கணினி மையத்திலிருந்தோ திட்டத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரிடமிருந்தோ ஒரு குறிப்பு வருகிறது: "மேலாண்மை முகவரை நிறுவிவிடுங்கள்." கூடவே இரண்டு மூன்று வரிக் கட்டளையும் வருகிறது. படியெடுத்து ஒட்டினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியதே இந்தப் பதிவு. முகவரை நிறுவுவதை நாம் வெறும் தொழில்நுட்ப வேலையாகக் கருதி, ஆய்வற விவாதத்துக்கு வெளியே வைத்திருக்கிறோம். உண்மையில், தகவலாளருக்கு நாம் எழுதிக் கொடுத்த வாக்குறுதியை அந்த ஒரு நிமிடம் மாற்றிவிடுகிறது. முகவரை நிறுவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை ஏவும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதை எழுத்தில் பதிந்து, ஆய்வறக் குழுவுக்கும் தகவலாளருக்கும் அறிவித்த பிறகே நிறுவ வேண்டும் என்கிறேன்.

முகவர் என்ன செய்கிறது

கணினித் துறையைச் சாராத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெய்நிகர்க் கணினி என்பது ஒரு பெரிய சர்வரின் ஒரு பங்கு. நமக்குத் தனிக் கணினிபோல இயங்கும். தொலைவிலிருந்து அதற்குள் நுழையப் பழைய வழி ஒன்று உண்டு. அந்தக் கணினியில் 22ஆம் எண் வாயிலைத் திறந்துவைத்து, நம்மிடம் உள்ள சாவிக்கோப்பைக் காட்டி உள்ளே போவது. வாயில் திறந்திருக்கும்வரை உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் வந்து தட்டலாம். தட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

மேலாண்மை முகவர் இந்தத் திசையைத் தலைகீழாக்குகிறது. அது கணினிக்குள்ளேயே இயங்கும் ஒரு சிறு நிரல். வெளியிலிருந்து யாரும் தட்ட வேண்டியதில்லை, முகவரே 443ஆம் வாயில் வழியாக மேக நிறுவனத்தின் சேவையைத் தொடர்புகொண்டு, "எனக்கு ஏதேனும் பணி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பணி இருந்தால் வாங்கிச் செய்துவிட்டு விளைவைத் திருப்பி அனுப்பும். நம் ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமல் உள்ளிருந்தபடியே அலுவலகத்தைக் கைப்பேசியில் அழைத்து உத்தரவு கேட்பதைப் போன்றது இது. வெளியாருக்குக் கேட் மூடியே இருக்கிறது. அலுவலகத்தின் சொல் மட்டும் உள்ளே நடக்கிறது.

ஏ.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் எஸ்.எஸ்.எம். முகவரை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினியில் அது 'ரூட்' எனப்படும் முழு அதிகாரத்தோடு இயங்குகிறது. அமேசான் லினக்ஸிலும் ஏ.டபிள்யூ.எஸ். தரும் உபுண்டு வடிவங்கள் பலவற்றிலும் அது முன்கூட்டியே பதிந்தே வருகிறது. உரிய அனுமதி இணைக்கப்படும்வரை செயலற்றுக் கிடக்கும், இணைத்ததும் விழித்துக்கொள்ளும். அதன் பிறகு, அந்தக் கணக்கில் உரிமை உள்ள ஒருவர் தம் மேசையிலிருந்தே ஒரு கட்டளையை ஒரே நேரத்தில் நூறு கணினிகளுக்கு அனுப்பலாம். 2018 செப்டம்பரில் அறிமுகமான 'செஷன் மேனேஜர்' வசதியால் சாவிக்கோப்பு எதுவும் இல்லாமல் உலாவி வழியாகவே கணினிக்குள் அமரலாம். அதற்கென ஒரு பயனர் கணக்கை முகவரே உருவாக்கிக்கொள்கிறது. நாமாக மாற்றாதவரை லினக்ஸில் அந்தக் கணக்குக்கு நிர்வாகி உரிமையும் கிடைத்துவிடுகிறது.

அஸூரிலும் கூகுளிலும் இதையொத்த முகவர்கள் உண்டு. பெயரும் அமைப்பும் வேறாயினும் அடிப்படை ஒன்றுதான்: உள்ளே முழு அதிகாரத்தோடு ஒரு நிரல், வெளியே அதற்கு உத்தரவு தரும் ஒரு மையம்.

இயற்றுபவரும் ஏவுபவரும்

இங்கே நம் இலக்கண மரபு ஒரு தெளிவைத் தருகிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்று கருத்தா. அதனை இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா என்று இரண்டாகப் பிரித்துப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கோயில் தச்சனால் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுபவன். அவன் கைதான் உளியைப் பிடித்தது. அதே கோயில் அரசனால் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுபவன். அவன் ஒரு கல்லையும் தொட்டிருக்க மாட்டான். இரு தொடர்களிலும் 'ஆல்' என்ற ஒரே உருபுதான் நிற்கிறது. பொறுப்பு மட்டும் வெவ்வேறு ஆட்களிடம் போய்ச் சேர்கிறது.

மேகக் கணினியின் முகவர் வெறும் இயற்றுதல் கருத்தா. அதற்கென விருப்பம் கிடையாது. வந்த கட்டளையைச் செய்யும். அதனிடம் தீமையைத் தேடுவது உளியிடம் தீமையைத் தேடுவதற்குச் சமம். ஆனால் நம் ஆவணங்கள் அனைத்திலும் "முகவர் நிறுவப்பட்டது", "கணினி மேம்படுத்தப்பட்டது", "தரவு படியெடுக்கப்பட்டது" என்றே எழுதுகிறோம். செயப்பாட்டு வினையில் கருத்தாவைச் சொல்லாமல் விட்டாலும் தொடர் முற்றுப்பெற்றுவிடும். மொழி தரும் இந்த வசதியை நிர்வாகம் தன் வசதியாக்கிக்கொள்கிறது. யாரால் நிறுவப்பட்டது, யார் ஏவலால் படியெடுக்கப்பட்டது என்னும் கேள்விகள் எழுவதற்கே இடமில்லாமல் போகிறது.

'முகவர்' என்ற சொல்லும் இதற்குத் துணைபோகிறது. ஆயுள் காப்பீட்டு முகவர், பயண முகவர் என்று பழகிய காதுக்கு அது நமக்காக வேலை செய்பவர் என்ற எண்ணத்தையே தரும். பிறருக்காக வினை செய்பவரைத் திருக்குறள் இரண்டு தனித்தனி அதிகாரங்களில் வைத்துப் பேசுகிறது: 59ஆம் அதிகாரம் ஒற்றாடல், 69ஆம் அதிகாரம் தூது. இருவரும் ஏவப்பட்டுச் செல்பவர்களே. ஒருவர் வருவது எல்லாருக்கும் தெரியும். மற்றவர் இருப்பதே தெரியக் கூடாது. ஒரே நிரல் தூதாகவும் இருக்கலாம், ஒற்றாகவும் இருக்கலாம். வேறுபாடு நிரலின் குறிமுறையில் இல்லை. எஸ்.எஸ்.எம். முகவரின் குறிமுறை முழுவதும் பொதுவில் கிடைக்கிறது. விரும்பியவர் படித்துப் பார்க்கலாம். அது இருப்பதும் யார் ஏவலில் இருப்பதும் உரியவர்களுக்குத் தெரியுமா என்பதில்தான் வேறுபாடு.

மூன்று நிகழ்வுகள்

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிடாதிருக்க, அண்மை ஆண்டுகளின் மூன்று நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன்.

முதலாவது, 2021 செப்டம்பர். அஸூரில் லினக்ஸ் கணினி வைத்திருந்தோர் 'லாக் அனலிட்டிக்ஸ்' போன்ற சில சேவைகளை இயக்கியபோது, ஓ.எம்.ஐ. என்னும் மேலாண்மை முகவர் அவர்களுக்குத் தெரியாமலே கணினியில் ஏறி அமர்ந்திருந்தது. விஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் நான்கு ஓட்டைகளைக் கண்டு வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றின் கடுமை பத்துக்கு 9.8 என்று மதிப்பிடப்பட்டது. தன்னை யார் என்று காட்ட வேண்டிய தலைப்புப் பகுதியை அறவே விட்டுவிட்டு வேண்டுகோள் அனுப்பினால், முகவர் அனுப்பியவரை ரூட் என்றே ஏற்றுக்கொண்டது. அந்த வாயில் இணையத்துக்குத் திறந்திருந்த கணினிகள் அனைத்தும் இப்படி எவர் கைக்கும் போகும் நிலையில் இருந்தன. செய்தி வெளியான சில நாட்களிலேயே தாக்குதல்களும் தொடங்கின. இதில் வேதனை என்னவென்றால், பலர் தங்கள் கணினியில் ஓ.எம்.ஐ. இருப்பதையே அப்போதுதான் அறிந்தார்கள். இருப்பதே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படித் திருத்துவார்?

இரண்டாவது, 2024 ஜூலை 19. இது மேலாண்மை முகவரால் நிகழ்ந்ததன்று. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு முகவரால் நிகழ்ந்தது. ஆயினும் மையத்திலிருந்து ஏவல், உள்ளே முழு அதிகாரம் என்ற அமைப்பு அதேதான். இந்திய நேரப்படி காலை 9.39க்கு ஒரு பிழையான உள்ளடக்கக் கோப்பு மையத்திலிருந்து புறப்பட்டது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளின் கையில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் இருந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முடங்கிய கணினி மீண்டும் எழும்பாததால் முகவருக்குத் திருத்தம் அனுப்பவும் வழியில்லை. மேகக் கணினிகளில் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அங்கே தீய எண்ணம் எவருக்கும் இல்லை. ஏவுபவரின் ஒரு கைப்பிழை, ஏவப்படும் எல்லா இடங்களிலும் ஒரே வேளையில் நிகழ்ந்தது, அவ்வளவே.

மூன்றாவது, 2023 ஆகஸ்ட். மிட்டிகா என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எஸ்.எஸ்.எம். முகவரையே ஒற்றாக மாற்றிக் காட்டினார்கள். ஒரு கணினியில் ஏற்கெனவே நிர்வாகி உரிமை பெற்றுவிட்ட ஒருவர், அங்குள்ள முகவரைத் தம் சொந்த ஏ.டபிள்யூ.எஸ். கணக்கின்கீழ் பதிவு செய்துகொள்ளலாம். அதன்பின் அது அவருடைய ஏவலுக்குப் பணியும். நிரல் அமேசானுடையது, கையொப்பம் முறையானது, பேசுவதும் அமேசானின் முகவரிகளோடுதான். எனவே வைரஸ் தடுப்பான்கள் ஐயுறுவது கடினம். தச்சன் அதே தச்சன், அரசன் மாறிவிட்டான்.

முகவர் இருப்பது தெரியாமை, ஏவுபவர் பிழைசெய்தல், ஏவுபவரே மாறிவிடுதல். மூன்றும் மூன்று வகைத் தீங்குகள். முகவரின் தரம் நல்லதா என்ற கேள்விக்குள் இவற்றில் எதுவும் முழுமையாக அடங்குவதில்லை.

மறுப்பதும் தீர்வாகாது

இதைக் கேட்டதும் "அப்படியானால் முகவரே வேண்டாம்" என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. முகவர் இல்லாத ஆய்வுக்கூடம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததன்று. ஒரே சாவிக்கோப்பு வாட்ஸ்அப் குழுவில் வலம்வரும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பணிக்குச் சென்றவரின் மடிக்கணினியிலும் அது இருக்கும். 22ஆம் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மாதக்கணக்கில் நிறுவப்படாமல் கிடக்கும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இராது.

முகவர் இந்தக் குறைகளில் பலவற்றை நீக்குகிறது. வாயிலை மூட முடிகிறது. ஒருவர் விலகியதும் அவருடைய உரிமையை ஒரே இடத்தில் ரத்து செய்யலாம். யார் கட்டளை அனுப்பினார், யார் எப்போது அமர்வு தொடங்கினார் என்பது ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் 'கிளவுட்ட்ரெயில்' பதிவில் நிற்கும். சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பதிவேடே இல்லாத ஆய்வுக்கூடம் எதைத் தெரிவிக்கும்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமர்வு தொடங்கியது பதிவாகும்; அமர்வுக்குள் என்ன நடந்தது என்பது தானாகப் பதிவாகாது. அதற்கான வசதியை நாமே இயக்கி, பதிவு சேரும் இடத்தையும் நாமே காட்ட வேண்டும். இரண்டு மூன்று வரிக் கட்டளையை ஒட்டிவிட்டு எழுந்து போகும் வழக்கத்தில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் படிதான். அதிகாரம் முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. கணக்குக் காட்டும் கடமை இரண்டாம் படிக்காகக் காத்திருக்கிறது.

தாராவியில் இதற்கு என்ன பொருள்

இதுவரை சொன்னதை மும்பைத் தமிழ் ஆய்வோடு பொருத்திப் பார்க்கிறேன். தாராவியின் திருநெல்வேலி வழித் தமிழ், மாட்டுங்காவின் பழைய குடும்பங்களின் தமிழ், செம்பூரின் அடுக்ககத் தமிழ் ஆகிய மூன்றும் இந்தியோடும் மராத்தியோடும் வெவ்வேறு விதமாக உறவாடுகின்றன. அவற்றைப் பதிவு செய்ய விரும்பும் மாணவர் எவரும் தகவலாளரிடம் வழக்கமான சில கேள்விகளை முதலில் கேட்பார். எந்த ஊர்? பம்பாய்க்கு எந்த ஆண்டு வந்தீர்கள்? இதே வீட்டிலா இருக்கிறீர்கள், கீழா மாடியா? யார் யார் கூட இருக்கிறார்கள்? என்ன தொழில்? பேச்சு இயல்பாக வர வேண்டும் என்பதற்காகக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு மாற்றத்தைத் தலைமுறை வாரியாகப் பிரிக்கவும் இந்த விவரங்கள் இன்றியமையாதவை.

இதே கேள்விகளுக்கு இன்று தாராவியில் வேறொரு விலை இருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீடு வீடான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் விதிகள் வேறு. அவர்களுக்கான வீடும் தாராவிக்கு வெளியே. ஆக, "நாங்க 2001ல வந்தோம், அப்ப மாடியிலதான் இருந்தோம்" என்று ஒரு பாட்டி என் ஒலிப்பதிவில் சொன்னால், எனக்கு அது இறந்தகால வினைமுற்றின் ஒரு சான்று. அவருடைய குடும்பத்துக்கு அது வீடு எங்கே என்பதைத் தீர்மானிக்கக்கூடிய வாக்குமூலம். எழுத்துப்படியில் பெயரை மாற்றிவிடலாம். குரலை மாற்ற முடியாது. மாற்றினால் ஒலியியல் ஆய்வுக்கு அது பயன்படாது. ஒரே சந்தில் வாழ்பவர் பத்து நொடி கேட்டால் போதும், பேசுபவர் யாரென்று சொல்லிவிடுவார்.

இத்தகைய பதிவுகளைப் பெறும்போது நாம் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: 'இந்த ஒலிப்பதிவை ஆய்வாளரும் அவருடைய வழிகாட்டியும் மட்டுமே கேட்பார்கள்.' எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நாம் வாசித்துக் காட்டிக் கைநாட்டுப் பெறுகிறோம். அவர் கைநாட்டு வைப்பது அந்த 'மட்டுமே' என்ற ஏகாரத்தை நம்பித்தான். பிறகு மேகக் கணினியில் முகவரை நிறுவுகிறோம். அந்தக் கணத்திலிருந்து, கணக்கின் நிர்வாகிகள் அனைவரும் அந்த ஒலிப்பதிவைக் கேட்க வல்லவர்கள். கணினி மைய ஊழியர், ஒப்பந்தப் பணியாளர், கணக்கின் கட்டணத்தைச் செலுத்தும் திட்ட நிதியாளரின் தொழில்நுட்பக் குழு என்று அந்தப் பட்டியல் நீளலாம். அவர்கள் கேட்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்க முடியும் என்ற நிலையே 'மட்டுமே' என்ற சொல்லைப் பொய்யாக்கப் போதுமானது.

"வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதே" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் குறியாக்கம், கழற்றி எடுக்கப்பட்ட வட்டுக்குக் காவல். கணினி ஓடிக்கொண்டிருக்கையில் வட்டு உள்ளே திறந்துதான் இருக்கும். ரூட் அதிகாரத்தில் இயங்கும் முகவருக்கு அது திறந்த புத்தகம். "தரவு இந்தியாவிலேயே, மும்பையிலேயே இருக்கிறது" என்பது இன்னோர் ஆறுதல். ஏ.டபிள்யூ.எஸ். மும்பை மண்டலம் 2016 ஜூனிலிருந்து இயங்குகிறது. தாராவியின் குரல்கள் தாராவி இருக்கும் நகரத்தைவிட்டு வெளியேறாமலே சேமிக்கப்படலாம் என்பது உண்மை. ஆனால் தரவு இருக்கும் இடம் வேறு, ஏவல் புறப்படும் இடம் வேறு. கட்டளை எந்த நாட்டிலிருந்தும் வரலாம்.

"மேக நிறுவனத்தை நம்பித்தானே தரவை வைக்கிறோம், முகவரால் புதிதாக என்ன?" என்பது மிக வலுவான மறுப்பு. அடிப்படை வன்பொருள் அந்த நிறுவனத்தின் கையில் இருப்பதால் அதன்மீது ஓரளவு நம்பிக்கை வைத்தே ஆக வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நான் கவலைப்படுவது சியாட்டிலில் இருப்பவரைப் பற்றி அன்று. அவருக்குத் தாராவிப் பாட்டியின் வரவு ஆண்டில் எந்த அக்கறையும் இல்லை. அக்கறை இருக்கக்கூடியவர்கள் அருகில் இருக்கிறார்கள்: நிறுவனத்துக்குள், நிதியளிப்போரிடையே, இந்த நகரத்திலேயே. முகவர் தன் கதவைத் திறந்துவைப்பது இந்த அருகில் இருப்பவர்களுக்குத்தான். ஒரு நாள் யாரேனும் "ஆய்வுக்காகத்தானே, ஒரு படி கொடுங்கள்" என்று கணினி மையத்தைக் கேட்டால், ஆய்வாளரைக் கேட்காமலே கொடுத்துவிட முடியும்.

சட்டமும் இங்கே நம்மை முழுமையாகக் காப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளியியல் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்குக்கு நிபந்தனை உண்டு: குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றிய முடிவு எதையும் எடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது; வகுக்கப்பட்ட தரங்களையும் பின்பற்ற வேண்டும். ஆய்வாளர் நிபந்தனையை மீற மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஏவும் உரிமை உள்ள மற்றவர்களுக்காக அவர் எப்படி உறுதி தர முடியும்? யார் அவர்கள் என்ற பட்டியலே அவரிடம் இல்லையே.

செய்யக்கூடியவை

குறை சொல்வதோடு நிறுத்த விரும்பவில்லை. ஒரு சாதாரணத் துறை, பெரிய செலவு இல்லாமல், அடுத்த பருவத்திலேயே செய்யத் தக்கவை ஐந்தைச் சொல்கிறேன்.

ஒன்று: மனிதர்களின் தரவு தொடர்பான ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மேகக் கணக்கு வேண்டும். துறை முழுவதற்கும் ஒரே கணக்கு என்றால், ஏவும் உரிமையும் துறை முழுவதற்கும் ஒன்றாகிவிடும். தனிக் கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. பயன்படுத்தியதற்கு மட்டுமே கட்டணம்.

இரண்டு: மூல ஒலிப்பதிவு முகவர் இருக்கும் கணினியில் நிலையாகத் தங்கக் கூடாது. அது குறியாக்கத்தோடு வேறிடத்தில் இருக்கட்டும். சாவி ஆய்வாளரிடமும் வழிகாட்டியிடமும் மட்டும் இருக்கட்டும். அன்றைய வேலைக்குத் தேவையான பகுதியை மட்டும் கணினிக்குக் கொண்டுசென்று, முடிந்ததும் அழித்துவிட வேண்டும். வரவு ஆண்டு, வீடு, குடும்பம் பற்றிய தொடக்க உரையாடலை வெட்டியெடுத்துத் தனியே வைத்தால் ஒலியியல் ஆய்வுக்குப் பெரிதாக எந்த இழப்பும் இல்லை.

மூன்று: அமர்வுப் பதிவை இயக்கிய பிறகே தரவை ஏற்ற வேண்டும். அந்தப் பதிவு சேரும் இடத்தில், பதிவை அழிக்கும் உரிமை கணினியை ஏவும் உரிமை உள்ளவர்களுக்கு இருக்கக் கூடாது. காவலரே காவல் பதிவேட்டைக் கிழிக்க முடியுமானால் அந்தப் பதிவேடு இருந்தும் பயனில்லை. முகவர் தானாக உருவாக்கும் பயனர் கணக்கின் நிர்வாகி உரிமையையும் தேவையில்லாதபோது நீக்கிவிட வேண்டும்.

நான்கு: ஆய்வறக் குழுவுக்கான விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கூட்ட வேண்டும். கணினியில் இயங்கும் முகவர்கள் எவை, ஒவ்வொன்றையும் ஏவும் உரிமை எந்தெந்தப் பதவியில் உள்ளவர்களுக்கு, அந்த உரிமை எப்போது முடிகிறது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். நாமே நிறுவியதோடு நிற்காமல், முன்கூட்டியே பதிந்து வந்தவற்றையும் எழுத வேண்டும். இயங்கும் சேவைகளின் பட்டியலைக் கணினியிடம் கேட்டுப் பார்ப்பது சில நொடி வேலை. ஓ.எம்.ஐ. நிகழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் அதுதான். ஆய்வு முடிந்ததும் கணினியை வெறுமனே நிறுத்திவைக்காமல் முற்றாக நீக்கி, இணைத்த அனுமதிகளையும் ரத்து செய்ததற்கான சான்றையும் கேட்க வேண்டும்.

ஐந்து: ஒப்புதல் படிவத்தின் அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும். நான் முன்மொழியும் வரி இது: 'உங்கள் குரல் ஒரு வாடகைக் கணினியில் வைக்கப்படும். அதை நானும் என் பேராசிரியரும் கேட்போம். அந்தக் கணினியைப் பராமரிக்கும் இன்னின்னாரும் விரும்பினால் அதைத் திறக்க முடியும். திறந்தால் அது பதிவாகும். வேண்டாம் என்று நீங்கள் எப்போது சொன்னாலும் அழித்துவிடுவேன்.' நீளமான வரிதான். வாசித்துக் காட்டினால் சிலர் மறுப்பார்கள். மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் ஒப்புதல் படிவத்தின் பொருள்.

இதனால் தரவு குறைந்துவிடும், ஆய்வு தாமதமாகும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருக்கும் எந்த ஆய்வாளருக்கும் அது சிறிய அச்சமன்று. ஆனால் நாம் போய் நிற்கும் வாசல்கள் சாதாரணமானவை அல்ல. தம்மைப் பற்றிய விவரங்களைப் பலமுறை பலரிடம் கொடுத்து, அவை எங்கே போயின என்று அறியாமலே வாழ்ந்துவரும் மக்கள் அவர்கள். கணக்கெடுப்பாளரும் வருகிறார், ஆய்வு மாணவரும் வருகிறார். இருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. இருவரையும் வேறுபடுத்திப் பார்க்க அவர்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் நாம் தரும் சொல்தான்.

இந்தப் பதிவைப் படிக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வறக் குழுக் கூட்டத்தில், மேகக் கணினியைப் பயன்படுத்தும் விண்ணப்பம் வந்தால், குறியாக்கம் உண்டா, சர்வர் இந்தியாவில் உள்ளதா என்ற இரு கேள்விகளோடு நிறுத்தாதீர்கள். "இந்தக் கணினியை ஏவுபவர்கள் யார் யார்?" என்றும் கேளுங்கள். மாணவர் பெயர்களைச் சொல்ல இயலாவிட்டால், சொல்ல இயலும்வரை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். மாணவ நண்பர்கள் இன்றே தங்கள் கணக்கில் நுழைந்து உரிமைப் பட்டியலைப் பார்க்கலாம். உங்கள் துறையில் இதற்கு வேறு நல்ல நடைமுறை இருந்தால் கீழே எழுதுங்கள். படிவத்தின் தமிழ் வாசகத்தைச் சேர்ந்து செம்மைப்படுத்துவோம்.